அடிக்காத போன்

கடைத்தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு போன் கடைகள். இந்தப் பக்கம் கம்பெனிக் கடை. கண்ணாடிக் கதவு, வரிசைச் சீட்டு துப்புகிற இயந்திரம், என்ன திட்டினாலும் சிரிக்கப் பழக்கப்பட்ட ஆட்கள். அந்தப் பக்கம் ஒரே ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்து நடத்துகிற சின்னக் கடை. இங்கே விற்கிற போனைத் திறந்தால் முதலில் கம்பெனியின் ஆரஞ்சு வட்டம் சுற்றும், மற்றதெல்லாம் அப்புறம்தான். அங்கே விற்கிற போனில் வட்டமும் கிடையாது, சதுரமும் கிடையாது. எந்தக் கம்பெனி சிம்மைப் போட்டாலும் பேசும். தெருவில் இதற்கு வட்டப்போன் என்றும் அதற்கு வெறும்போன் என்றும் பேர் விழுந்துவிட்டது. இரண்டும் ஒரே தொழிற்சாலையில் செய்ததுதான். வட்டப்போனை மாதாமாதம் கட்டி அடைக்கலாம், வெறும்போனுக்கு மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அந்த மழைக்காலத்து அப்டேட் வருகிற வரைக்கும்.

பழைய மென்பொருளில் பேட்டரி மத்தியானத்துக்கே மண்டையைப் போட்டுக்கொண்டிருந்தது. புதிய அப்டேட்டில் அது சரியாகும் என்று போனைத் தயாரித்த தொழிற்சாலைக்காரன் அறிவித்தான். அறிவித்த அன்றைக்கே வெறும்போன்களுக்கெல்லாம் வந்து இறங்கியும் விட்டது. நடுவில் ஆள் கிடையாது. செய்தவன் அனுப்பினான், வைத்திருந்தவன் வாங்கிக்கொண்டான். வட்டப்போனுக்கு அப்படி நேராக வராது. அது முதலில் கம்பெனிக்குப் போகும். கம்பெனி அதில் தன் வட்டத்தையும் தன் வசதிகளையும் சேர்க்கச் சொல்லும். சேர்த்து வந்ததைச் சோதனைக்கூடத்தில் போட்டுப் புரட்டி எடுக்கும். எங்கேயாவது இடித்தால் திருப்பி அனுப்பும், திருந்தி வந்ததை மறுபடி புரட்டும். இனி பழுதில்லை என்று அங்கே ஒரு கையெழுத்து விழுந்தால்தான் அப்டேட் ஊருக்குள் கால் வைக்கும்.

இதெல்லாம் போன் வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து வீட்டுக்காரனுக்கு வந்துவிட்டது, தனக்கு வரவில்லை என்பதுதான். எதிர்க்கடைக்காரர் வேறு சும்மா இருக்கக்கூடாதா? பெரிய அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டார்: "இங்கே வாங்கிய போனுக்கு அப்டேட் வந்தாச்சு. எதிரே வாங்கியவர்கள் எதிரே போய்க் கேட்கவும்."

எல்லோரும் எதிரேதான் வந்து கேட்டார்கள். கம்பெனிக் கடையில் குறை கேட்கிற கவுண்டரில் இருந்தவன் பொறுமைசாலி. நனைந்த குடையோடு வந்து மேசையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கத்துகிறவர்களிடம் "விரைவில் வந்துவிடும்" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் மரத்துப்போனது. கையெழுத்துப் போடாமல் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தது வேறு யாருமில்லை, அவன் பெண்டாட்டிதான். அந்த வயிற்றெரிச்சலை அவன் வெளியே சொல்லவும் முடியாது.

சோதனைக்கூடத்தில் அவளுக்குப் பேர் பூட்டு. லேசில் திறந்துவிட மாட்டாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர். கூப்பிடும்போது முறைப்பாள், உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள். ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் ஆள் பொறுப்பு, இந்த மாடல் அவள் கையில் இருந்தது. ஏதோ கண்ணாடி அறையில் உட்கார்ந்து செய்கிற சொகுசு வேலை என்று நினைத்துவிட வேண்டாம். தட்டுத் தட்டாகப் போன்களை அடுக்கிக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கூப்பிட வேண்டும். எடுத்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும், வைக்க வேண்டும், மறுபடி கூப்பிட வேண்டும். சிக்னல் நுழையாத இரும்பறைக்குள் போய்ப் பேசிவிட்டு வெளியே வர வேண்டும். லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டே பேச வேண்டும். புதிதாக வந்த காவலாளி அவள் லிஃப்டில் ஒண்ணு ரெண்டு சொல்வதைப் பார்த்துவிட்டு, பாவம், நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள் என்று வருத்தப்பட்டாராம். பழுது ஒன்று மாட்டினால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இரண்டு பங்கு இறங்கும். லட்சம் பேர் பையில் போய் உட்காரப் போகிற பழுதைத் தன் கை பிடித்து நிறுத்தியது என்ற பெருமை சும்மா வருமா?

அந்த வேலையில் இன்னொரு வழக்கம் உண்டு. கடைசிக் கட்டத்தில், சோதிக்கிற போனில் தங்கள் சொந்த சிம்மைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் வீட்டுப் போன் மாதிரியே புழங்க வேண்டும். கூடத்தில் நடக்காதது வீட்டில் நடக்கும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் புதிய மென்பொருள் போட்ட வட்டப்போன் ஒன்று அவள் வீட்டில் வளையவந்துகொண்டிருந்தது. அதை அவளை விட அதிகமாகப் புழங்கியது அவள் மாமியார்.

மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்கள் இருந்தது அடுக்குமாடிக் கட்டடத்தில், மூன்றாவது மாடி. கீழே நிலத்தடியில் சலவை அறை. அது மாமியாரின் ராஜ்ஜியம். வீட்டு வீட்டுத் துணிகளை வாங்கி, வெளுத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்துக் கொடுப்பார். நான்கு வாஷிங் மெஷின், இரண்டு உலர்த்தி, ஒரு நீள மேசை. மழைக்காலமென்றால் ஊரில் ஒரு துணி காயாது, எல்லாத் துணியும் அவரைத் தேடி வரும். உள்ளே போனால் சோப்பு வாசனையும் வெந்த துணியின் ஆவியுமாக முகத்தில் அடிக்கும். அங்கே சிக்னல் எட்டாது என்பதால் சுவரில் சின்ன வைஃபை பெட்டி ஒன்றை மாட்டியிருந்தார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் வைஃபை வழியாகவே பேசிக்கொள்கிற வசதி கம்பெனி தன் வட்டப்போனுக்கு மட்டும் கொடுத்திருந்தது. மாமியாரின் சொந்தப் போனோ பழைய மென்பொருளில் மத்தியானமே செத்துவிடும். உடனே மருமகளின் போனை வாங்கிக்கொள்வார். மடிப்பது, தேய்ப்பது எல்லாம் தங்கச்சியோடு பேசிக்கொண்டேதான். கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும், இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே வராது.

ஒரு விடுமுறை நாளில்தான் வினை வந்தது. அவளுக்கு விடுமுறை, கடைக்கு இல்லை. ரொட்டிக்கடைக்காரர் கடைக்கு வந்தார். இது அவருக்கு எத்தனையாவது நடையோ. ஆர்டரெல்லாம் போனில் வருகிறது, மத்தியானத்துக்கு மேல் போன் படுத்துவிடுகிறது, வியாபாரம் போகிறது என்று ஆரம்பித்தவர், நிறுத்தி வைத்திருக்கிற அந்த மகாராசன் யார், பேரைச் சொல் என்று மேசையைத் தட்டினார். கவுண்டர்க்காரனுக்கு வேர்த்துவிட்டது. ஒரு நிமிஷம் என்று பின்னறைக்குப் போய்ப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். எப்போது வரும் என்று ஒரு நாளைச் சொன்னால் போதும். மணி போய்க்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. எடுக்கவே இல்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தவனை ரொட்டிக்கடைக்காரர் என்னென்ன சொன்னார் என்பதை எழுத வேண்டாம். கடை மேலாளரும் கேட்டுக்கொண்டிருந்தார். இப்படியே ஆட்கள் எதிர்க்கடைக்குப் போய்க்கொண்டிருந்தால் இரண்டு குறைக் கவுண்டரில் ஒன்றை மூடிவிடுவார்கள் என்று அவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். எது மூடப்படும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வாயைத் திறந்தான்.

"போன் எதுக்கு வெச்சிருக்கே நீ?"

அவள் பருப்பை இறக்கிக்கொண்டிருந்தாள். "ஏங்க, என்ன ஆச்சு?"

"எத்தனை தடவை கூப்பிட்டேன். வேலை இருக்கு, அப்புறம் பேசறேன்னு சொல்ல ரெண்டு நிமிஷம் கிடைக்கலையா? அப்டேட் என்னிக்கு வரும்னு கேட்பேன்னு தெரிஞ்சுதானே எடுக்கல?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தாள். தவறிய அழைப்பு என்று ஒன்றுமே இல்லை. அவன் தன் போனை நீட்டினான். அதில் வரிசையாக நின்றது அவள் பேர். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. புருஷன் கூப்பிட்டது வந்து சேரவில்லை என்பதற்காகச் சந்தோஷப்படுகிற பெண்டாட்டியை உலகத்தில் வேறெங்கே பார்க்க முடியும்?

"அடிக்கவே இல்லைங்க," என்றாள். "நான் வீட்டுலயேதான் இருந்தேன். போன் பக்கத்துலயே இருந்துச்சு. சத்தியமா அடிக்கல."

அவன் அங்கேயே நின்று கூப்பிட்டான். போன் கணீரென்று அடித்தது.

"இதோ அடிக்குதே," என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான். அன்றைக்குச் சாப்பிடும்போது நடுவில் உட்கார்ந்திருந்த மாமியார் இரண்டு பேர் தட்டிலும் மாற்றி மாற்றி உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அவள் சோதனைக்கூடத்தில் தலைகீழாக நின்று பார்த்தாள். இரும்பறைக்குள் வைஃபையில் பேசினாள், வைத்தாள், வெளியே வந்தாள், கூப்பிடச் சொன்னாள். அடித்தது. லிஃப்டில் பார்த்தாள். அடித்தது. மாடிப்படி, வண்டி நிறுத்துமிடம், மொட்டை மாடி, எங்கே போனாலும் சமர்த்தாக அடித்தது. கூட இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பிரிவுத் தலைவர் நியாயமானவர்தான், ஆனால் விடாக்கண்டர். புருஷன் கூப்பிட்டு எடுக்காததைப் பழுதென்று எழுதினால் தொழிற்சாலைக்காரன் என்ன நினைப்பான் என்று கேட்டார். அங்கே ஒரு விதி இருந்தது. மூன்று முறை திரும்பச் செய்து காட்ட முடியாத பழுது பழுதே அல்ல. திங்கட்கிழமைக்குள் காட்டினால் நிறுத்துகிறேன், இல்லாவிட்டால் கையெழுத்தைப் போட்டுவிடு என்று முடித்துவிட்டார்.

கணவனுக்கு இது தெரிந்தபோது கொஞ்சம் இறங்கி வந்து பேசினான். கோபத்தில் பேசினால்கூடத் தாங்கலாம், அவன் கெஞ்சினான்.

"ஒரே ஒரு தடவை. அதுவும் நடந்துச்சா இல்லையான்னே தெரியாது. அதுக்காக ஊரையே நிறுத்தி வெக்கணுமா? வெறும்போன் வெச்சிருக்கறவன் எல்லாம் நல்லாத்தானே பேசறான்?"

"வெறும்போன்ல அந்த வைஃபை வழியே கிடையாதுங்க. வழி இருக்கற நம்ம போன்லதான் சிக்கும். கூப்பிட்டா அடிக்கணும், அதுக்குத்தான் போன். பேட்டரி, கேமரா எல்லாம் அப்புறம்."

"என் கவுண்டர் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"கடையில ஒருத்தருக்கும் தெரியாது, என் பொண்டாட்டிதான் நிறுத்தி வெச்சிருக்கான்னு. தெரிஞ்சா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்க உக்கார்றது?"

அந்த வார்த்தைதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கவுண்டர் போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். தன் வேலையைச் சொல்ல இவன் கூச்சப்படுகிறானே என்று இருந்தது. அவள் எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டுகளையும் சேர்த்துக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமையும் மழை விடவில்லை. மறுநாள் கையெழுத்து. இருவருக்கும் விடுமுறை. மேலே கணவன் உம்மென்று உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவள் போனை எடுத்துக்கொண்டு சலவை அறைக்கு இறங்கினாள். போன் அடிக்காத அந்த நாளில் தான் எங்கெங்கே போனோம் என்று யோசித்ததில், மாமியாருக்குத் துணை செய்யக் கீழே போனது நினைவுக்கு வந்திருந்தது. வைஃபையில் பேசினாள், சிவப்புப் பொத்தானை அழுத்தினாள், மேலே ஏறி, மாமியாரின் போனில் மிச்சமிருந்த சார்ஜில் கூப்பிட்டுப் பார்த்தாள். அடித்தது. மறுபடி இறங்கினாள், ஏறினாள். அடித்தது. முட்டி வலித்ததுதான் மிச்சம். சரி, முடிந்தது கதை என்று போனை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, மேசைக்கு எதிரே நின்று துண்டு மடிக்க ஆரம்பித்தாள்.

உலர்த்தியிலிருந்து அள்ளிப் போட்ட துண்டுகள் கை பொறுக்காத சூட்டில் இருந்தன. நான்கு மூலையைப் பிடித்து உதறி, இரண்டாக, நான்காக, அப்புறம் மூன்றாக. மாமியார் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தங்கச்சியோடு பேசினார். தங்கச்சி வீட்டுக் கூரை ஒழுகுவது, தங்கச்சி மகன் முடி வெட்டிக்கொள்ளாதது, முட்டை விற்கிற விலை, எல்லாம் ஆயிற்று. அப்புறம் வழக்கமான கட்டம் வந்தது.

"சரி, வெச்சிடு. ... நீ வை. ... இல்லடி, நீ வையேன். ... சரி சரி."

மாமியார் போனைக் காதிலிருந்து எடுத்தார். மடித்த துண்டுகளின் மேல் கவிழ்த்து வைத்தார். கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

மருமகள் கையில் இருந்த துண்டு அப்படியே நின்றது.

"அத்தை, நீங்க இன்னும் வெக்கலை."

"அவ வெப்பா."

"அவங்க வெக்கலைன்னா?"

"வெக்கமாட்டா. அவளும் என்னை மாதிரிதான்." மாமியார் நின்று திரும்பிப் பார்த்தார். "நானே வெச்சா, போதும் உன் பேச்சுன்னு சொன்ன மாதிரி ஆயிடாது? அவ மனசு சங்கடப்படும். நான் இதுவரைக்கும் அவகிட்டப் பேசி முதல்ல வெச்சதே இல்ல. அது பாட்டுக்குக் கொஞ்ச நேரத்துல தானா போயிடும்."

அவளுக்குத் தலைக்குள் சட்டென்று எல்லாம் வரிசையாக வந்து நின்றது. சோதனைக்கூடத்தில் ஒவ்வொரு சோதனையும் சிவப்புப் பொத்தானில்தான் முடியும். வருஷக்கணக்காக அழுத்தி அழுத்தி விரல் தானாகப் போகும். இரண்டு பக்கமும் யாருமே வைக்காத அழைப்பு என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. இந்த அம்மா அந்த அழைப்பை அப்படியே துண்டுக்கூடையில் போட்டுப் படியேறுகிறார். முதல் திருப்பத்தில் வைஃபை அறுந்துபோகும். அந்தச் சுவர் அவ்வளவு கனம், அடுத்த திருப்பம் வரைக்கும் சிக்னலும் வராது. நடுவில் அந்தரத்தில் தொங்கிய அழைப்பைப் பழைய மென்பொருள் விட்டுத்தொலைத்திருக்கும். புதியது விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால்? பழைய பேச்சு இன்னும் நடக்கிறது என்றே நினைத்து, அடுத்து வருகிற அழைப்பை உள்ளே விடாதே.

"அத்தை, மேல வாங்க. வேகமா வேண்டாம், எப்பவும் ஏறற மாதிரியே ஏறுங்க. போனைத் தொடாதீங்க."

மாமியார் முன்னால், கூடை நடுவில், மருமகள் பின்னால் என்று மூன்று மாடியும் ஏறிப் போனார்கள். கூடையை இறக்கியதும் அவள் எட்டிப் பார்த்தாள். சிக்னல் கோடு முழுசாக நின்றது.

"என்னங்க, என்னைக் கூப்பிடுங்க."

"எதிர்லதானே நிக்கறே?" என்றான் அவன், வெங்காயக் கண்ணீரோடு.

"கூப்பிடுங்களேன்."

அவன் வேண்டாவெறுப்பாகக் கூப்பிட்டுக் காதில் வைத்தான். அவன் காதில் மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. கூடையில் துண்டுகளின் மேல் கிடந்த போன் மூச்சு விடவில்லை. அவன் தன் போனைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டான். கூடை அமைதியாகத்தான் இருந்தது.

"அன்னிக்கு நான் வந்து கூப்பிட்டப்போ ஏன் அடிச்சுது?" என்று கேட்டான், குரல் இறங்கிப்போய்.

அதற்கு மாமியார் பதில் சொன்னார். சாயங்காலம் அவன் வருவதற்கு முன்னால் அந்தப் போனை அவர்தான் சார்ஜில் போட்டாராம். போடுவதற்கு முன்னால் ஒரு முறை அணைத்துவிட்டுப் போடுவாராம், அதுவும் கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும் என்று. அணைத்துத் திறந்ததில் தொங்கல் விட்டுப்போயிருக்கிறது. சொல்லிவிட்டு அவர் முகம் சின்னதாகிவிட்டது. "நான்தான் கெடுத்துட்டேனா ஏம்மா? நானே வெச்சிருக்கணுமோ?"

அவள் மாமியாரைக் கூடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "நீங்க வெக்காதீங்க அத்தை. எப்பவும் வெக்காதீங்க. இன்னும் ரெண்டு தடவை ஏறணும்."

இரண்டாவது முறை தங்கச்சியிடம் விஷயத்தைச் சொல்லி, தயவுசெய்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் எப்போது வைத்தேன் என்று தங்கச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. அதிலும் அடிக்கவில்லை. மூன்றாவது முறைக்கு மாமியார் கூடையைத் தூக்கக் குனிந்தபோது, கணவன் குறுக்கே வந்து தான் எடுத்துக்கொண்டான். வெங்காய வாசனை அடிக்கிற கையோடு, ஒரு போனும் பத்துத் துண்டும் வைத்த கூடையை, ஏதோ கண்ணாடிச் சாமான் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிப்படியாக ஏறினான். மேலே வந்து அவனே கூப்பிட்டுப் பார்த்தான். அடிக்கவில்லை.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு," என்றான். இரைத்துக்கொண்டே சொன்னதால் அது பாதிதான் வெளியே வந்தது. அவளுக்கு அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போடப் போகவில்லை, காட்டப் போனாள். இரும்பறைக்குள் வைஃபையில் பேசி, இரண்டு பக்கமும் வைக்காமல், வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் கொஞ்சம் நின்று, வெளியே வந்தாள். தலைவர் தானே கூப்பிட்டார். அடிக்கவில்லை. மூன்று முறையும் அடிக்கவில்லை. தலைவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இதைக் கண்டுபிடித்தது எப்படி என்று கேட்டார். எங்கள் அத்தை போனை வைக்க மாட்டார்கள் சார் என்றாள். அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து அறைக்குக் கேட்டது. அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் எந்த மாடல் வந்தாலும் செய்தாக வேண்டிய சோதனைகளில் ஒன்று கூடியது. அதற்குப் பேர் அத்தை முறை. வீட்டில் சொன்னபோது மாமியார், என் பேரில் சோதனையா, வேறு வேலை இல்லையா உங்களுக்கு என்று நொடித்தார். ஆனால் அன்றைக்கே தங்கச்சிக்கும், துணி கொடுக்க வந்தவர்களுக்கும், துணி வாங்க வந்தவர்களுக்கும் சொல்லிவிட்டார்.

பெருமை எல்லாம் சரி, அப்டேட் இன்னும் தள்ளிப்போனது. தொழிற்சாலைக்காரன் முதலில் முரண்டு பிடித்தான், அவள் செய்து காட்டி எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு அடங்கினான். திருத்தி அனுப்ப வேண்டும், வந்ததை முதலிலிருந்து புரட்ட வேண்டும். எதிர்க்கடைக்காரரின் அட்டை மழையில் சாயம் போனதும் அவர் புதிதாக ஒன்று எழுதி மாட்டினார். கம்பெனிக் கடைக்கு மேலிடத்திலிருந்து அதே உத்தரவுதான் வந்தது. விரைவில் வந்துவிடும் என்று சொல்லுங்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை. அவள் தட்டில் போன்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. கணவன்.

"எத்தனை நாள் ஆகும்? உண்மையைச் சொல்லு, மழுப்ப வேண்டாம்."

"மூணு வாரம். நாலுகூட ஆகலாம்."

"சரி," என்றான். அதோடு போன் எதன் மேலோ டொக்கென்று வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. அவன் துண்டிக்கவில்லை. மறந்துவிட்டானோ, அம்மா பிள்ளை என்று காட்டிவிட்டானோ, தெரியவில்லை. கடையின் இரைச்சல் அப்படியே அவள் காதுக்குள் வந்தது. குடை உதறுகிற சத்தம், வரிசைச் சீட்டு இயந்திரத்தின் மணி, நாலு வாரம்கூட ஆகலாம் சார் என்று கணவன் யாரிடமோ சொல்வது, அப்புறம் ஒரு கனத்த குரல். ரொட்டிக்கடைக்காரர்தான், அவன் வீட்டில் அதே மாதிரி பேசிக் காட்டிக் காட்டி அவளுக்கே அந்தக் குரல் பழக்கமாகியிருந்தது.

"நாலு வாரமா? யாருய்யா அது? இன்னிக்காவது பேரைச் சொல்லு."

"சொல்றேன் சார், உக்காருங்க," என்றான் கணவன். "உங்க அடுப்பு கீழ்த்தளத்துலதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"கீழ சிக்னல் கிடையாது, வைஃபைலதான் பேசறீங்க. கை முழுக்க மாவு. பேசி முடிச்சதும் நீங்களா வெக்கறீங்க?"

"அவங்களே வெச்சுக்குவாங்கன்னு விட்டுடுவேன்."

"அவங்களும் விட்டுட்டாங்கன்னா? இந்த அப்டேட் அன்னிக்கே வந்திருந்தா, நீங்க ரொட்டித் தட்டோட மேல வந்ததும் உங்க போன் செத்த மாதிரி சார். கோடு முழுசா காட்டும், பேட்டரியும் நிக்கும். ஆனா ஒரு ஆர்டர் வராது. வீட்டுல யாருக்காவது முடியலைன்னு கூப்பிட்டாலும் அடிக்காது. ஏன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது கண்ணுல பட்டதால ஒருத்தர் கையெழுத்துப் போடமாட்டேன்னு நின்னாங்க. கூட இருந்தவங்க சிரிச்சாங்க. வீட்டுல புருஷன்காரன் திட்டினான். அப்பவும் போடல."

"யாரு?"

"என் வீட்டுக்காரி."

அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டாள். பின்னால் மேலாளர் ஏதோ சொல்வது கேட்டது, உத்தரவு, விரைவில் என்று துண்டு துண்டாக. இருக்கட்டும் சார், கவுண்டரை மூடினால் மூடுங்கள், இதைச் சொல்லாமல் இனி என்னால் இங்கே உட்கார முடியாது என்று கணவன் நிதானமாகச் சொன்னான். வரிசையில் யாரோ ஒருத்தர் நான் எதிர்க்கடைக்கே போறேன் என்று கிளம்புகிற சத்தமும் கேட்டது. கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. ஆனால் நாற்காலி இழுபடுகிற சத்தம் ஒன்று வந்தது, ரொட்டிக்கடைக்காரர் கிளம்பாமல் இன்னும் வாகாக உட்கார்ந்துகொள்கிற சத்தம்.

"லேப்ல அவளுக்குப் பேரு பூட்டு," என்று கணவன் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பேரை அவன் வாயால் அவள் கேட்டதே இல்லை. "லேசுல திறக்கமாட்டா. எங்கம்மா பேர்லகூட அங்க ஒரு சோதனை இருக்கு சார், கேளுங்க..."

அவள் விரல் பழக்கத்தில் சிவப்புப் பொத்தான் வரைக்கும் போயிருந்தது. அதை மெதுவாக எடுத்துக்கொண்டாள். போனைத் தட்டின் ஓரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

அந்த வழியாக வந்த தலைவர் எட்டிப் பார்த்தார். "லைன்ல யாரு?"

"வீட்டுக்காரர் சார்."

"நீ ஒண்ணும் பேசலையே. வெச்சிட வேண்டியதுதானே?"

"இல்ல சார்," என்றாள் அவள். "அவர் பேசிட்டிருக்கார்."